வண்டியை இறக்குமுன்...

திருமண ஊர்வலங்களிலும் விழாக் காலங்களிலும் நம் ஊர்த் தெருக்களில் அண்மைக் காலமாக ஒரு காட்சியைக் காண்கிறோம். தரையைத் தொட்டும் தொடாமலும், டயருக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரல்கூட நுழையாதபடி தாழ்த்தப்பட்ட மோட்டார் கார்கள் ஊர்ந்து செல்கின்றன. முதியோர் முகஞ் சுளிக்கின்றனர். சிறுவர் வாய்பிளந்து நிற்கின்றனர். இளைஞர்களோ இதற்கு ‘வண்டியை இறக்குவது’ என்று பெயரிட்டிருக்கின்றனர். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, வெளிச் சந்தையில் விற்கும் குட்டையான வில்லை மாட்டுவது ஒரு வழி. பழைய வில்லையே பட்டறையில் அறுத்துக் குறைப்பது மற்றொரு வழி.

இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கென்ன என்று எவரும் எண்ணலாகாது. கடன் பெற்றோ, பழைய வண்டியாகப் பார்த்தோ, இன்று எளிய குடும்பங்களும் கார் வாங்குகின்றன. அந்த ஒரே வண்டிதான் மகனுக்கு மகிழ்ச்சி; தந்தைக்குக் கவலை; வீட்டு முதியவருக்கு மருத்துவமனை செல்லும் வழி. ஆகவே அதன் உயரத்தை இரண்டு அங்குலம் குறைப்பது வீட்டார் அனைவரையும் தொடும் செய்தியாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு இதன் பொருட்டு ஒரு குடும்பத்தில் மூண்ட பிணக்கு நம்மிடம் வந்து சேர்ந்தது. தந்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகன் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுபவர். மூன்றாண்டுச் சேமிப்பைக் கொண்டு பழைய மாருதி ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கியிருந்தார். அதனை இறக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். தந்தை மறுத்தார். சொல் தடித்தது. இரண்டு மாதங்களாக ஒரே கூரையின் கீழ் இருவரும் பேசாதிருந்தனர். ஒருவர் உண்டு எழுந்த பின்பே மற்றவர் உண்ண அமர்வாராம். இதனை நம்மிடம் கூறியவர், இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட அப்பத்தா. அவரை வாரம் இருமுறை இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்துக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றதும் அதே வண்டிதான்.

ஒரு மாலையில் தந்தையையும் மகனையும் ஒருங்கே அமர்த்திப் பேசச் சொன்னோம்.

“நானாகச் சம்பாதித்து வாங்கிய முதற்பொருள் இது, சாமி. படிப்பு அப்பா சொன்ன படிப்பு. வேலை மாமா காட்டிய வேலை. இதையாவது என் மனம்போல வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்றார் மகன்.

“தெருவில் போகிறவன் பார்த்துச் சிரிக்கவா இவனைப் படிக்க வைத்தேன்? நல்லாயிருக்கிற வண்டியை யாராவது கெடுப்பார்களா?” என்றார் தந்தை.

இருவர் பேச்சிலும் வண்டியைப் பற்றிய செய்தி மிகக் குறைவாகவே இருந்தது. மகன் தன் உரிமையைப் பேசினார்; தந்தை தம் மானத்தைப் பேசினார். வில் என்பது யாது, அது என்ன செய்கிறது, அதனைக் குறைத்தால் எது மாறும் என்ற வினா எழவேயில்லை. முப்பதாண்டுகளாக நாமும் வண்டியோட்டி வருகிறோம்; பழுது பார்க்கும் பட்டறைகளில் காத்திருந்த நேரமும் சிறிதன்று. ஆதலின், “தீர்ப்பைப் பிறகு பார்ப்போம்; முதலில் வண்டியின் அடியிலே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பினோம்.

வாசகர்களும் அதனை அறிந்துகொள்வது நலம். இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக் 1676ஆம் ஆண்டில் தாம் கண்ட ஓர் உண்மையை, இலத்தீன் சொற்றொடர் ஒன்றின் பதினான்கு எழுத்துகளையும் அகர வரிசையில் கலைத்தடுக்கிப் புதிராக வெளியிட்டார். 1678இல் தாமே அப்புதிரை அவிழ்த்தார். வில்லின்மீது ஏறும் பாரம் எவ்வளவோ, அதற்கு நேர்விகிதத்தில் அது அமுங்கும் அல்லது நீளும் என்பதே அவ்வுண்மை. சிறு கார் ஒன்றின் முன்சக்கரத்துக்கு மேலுள்ள பாரம் 250 கிலோ என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்குவதற்கு 2 கிலோ தேவைப்படும் வில்லாயின், அது 125 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். பாரமும் வில்லும் தம்முள் செய்துகொண்ட இந்த உடன்படிக்கைதான் வண்டியின் உயரம். அவ்வாறு அமர்ந்த வண்டி பள்ளத்தில் இறங்கி எழும்போது விநாடிக்கு ஏறத்தாழ 1.4 முறை அசையும். நாம் மெல்ல நடக்கையில் நம் உடல் எழுந்து தாழ்வதும் ஏறக்குறைய இவ்வாறே ஆதலால், அந்த அசைவு நமக்குத் துன்பம் தருவதில்லை.

வண்டியை இறக்குவதால் நன்மையே இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் பாரம் வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. வண்டியின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவுக்கு இம்மாற்றம் மிகும். பந்தயக் கார்கள் தரையோடு ஒட்டி அமைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் காரை மூன்றரை சென்டிமீட்டர் இறக்கினால், பாரமாற்றம் குறைவது நூற்றுக்கு ஆறு பங்கு மட்டுமே. பந்தயத் திடலில் இந்த ஆறு பங்கு வெற்றியைத் தரலாம். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வண்டியில் அதனை உணர்வோர் யார்?

அந்த ஆறு பங்குக்குக் கொடுக்கும் விலையையும் பார்ப்போம். சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே நகர்வதற்கென்று ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. அவ்விடைவெளியின் முடிவில் ‘பம்ப் ஸ்டாப்’ எனும் இரப்பர்க் கட்டை உண்டு. எட்டு சென்டிமீட்டர் இடைவெளி உள்ள வண்டியை நான்கு சென்டிமீட்டர் இறக்கினால், எஞ்சுவது பாதிதான். ஒரே அதிர்வைப் பாதித் தூரத்துக்குள் அடக்க வேண்டுமாயின் சராசரி விசை இரட்டிப்பாக வேண்டும். இதனாற்றான் நல்ல நிறுவனங்கள் குட்டையான வில்லைக் கடினமான வில்லாகவும் செய்கின்றன. வில் கடினமானால் அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் அதற்கேற்ற வலிமையுடையதாதல் வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரோடு புதிய வில்லை மட்டும் மாட்டுவது, முரட்டுக் காளையை நைந்த கயிற்றில் கட்டுவது போலாகும்.

இன்னொன்றும் உண்டு, இதனைப் பலர் அறியார். நம் நாட்டுச் சிறு கார்கள் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில், மாக்ஃபெர்சன் என்னும் பொறியாளரின் பெயரால் வழங்கும் அமைப்பே உள்ளது. அதில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்த்தண்டை மெக்கானிக்குகள் ‘லோயர் ஆர்ம்’ என்பர். வண்டியின் உடல் வளைவில் சாயும்போது ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றியே சாய்கிறது. அப்புள்ளியின் இடத்தை இந்தத் தண்டின் சரிவு நிர்ணயிக்கிறது. வண்டியை மிகுதியாக இறக்கினால் தண்டின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். அப்போது எடைமையம் தாழ்ந்ததைவிட அந்தக் கற்பனைப் புள்ளி அதிகமாகத் தாழ்ந்துவிடுகிறது. விளைவு யாதெனில், சாய்வைக் குறைக்க எண்ணிச் செய்த காரியமே சாயும் இயல்பைக் கூட்டிவிடுகிறது. கடினமான வில் இருந்தால் அது வெளியே தெரியாது. வில்லை வெறுமனே அறுத்திருந்தால் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, தந்தை மகன் இருவரையும் அழைத்துக்கொண்டு நமக்குத் தெரிந்த பட்டறைக்குச் சென்றோம். பட்டறைக்காரர் அறுபதைக் கடந்தவர், சொற்சிக்கனம் உடையவர். மகன் தம் விருப்பத்தைக் கூறியதும் அவர் மறுமொழி சொல்லவில்லை. மூலையில் கிடந்த ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். வெளிப்பக்கம் அதன் பள்ளக்கோடுகள் புதியன போல் இருந்தன. உட்பக்கமோ இரப்பர் தேய்ந்து நூலிழைகள் தெரிந்தன.

“ஸ்பிரிங் அறுத்த வண்டியின் டயர், தம்பி. வண்டி இறங்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் இதுதான் கதி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது” என்றார்.

பின்பு வில் அறுப்பதைப் பற்றி விளக்கினார். ஆறு சுற்றுள்ள வில்லில் ஒரு சுற்றை அறுத்தால் வில் குட்டையாவதோடு ஐந்தில் ஒரு பங்கு கடினமும் ஆகும். ஆனால் அந்த வில்லின் முழு நீளமும் அதன் இருப்பிடத்துக்கென்று அளந்து செய்யப்பட்டது. அறுத்த பின், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வில் தளர்ந்து இருப்பிடத்தை விட்டு விலகக்கூடும். வேகமாகச் செல்லும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சிலர் தீயிட்டுக் காய்ச்சி வில்லை அமுக்குவதும் உண்டு. அதனால் எஃகுக்கு ஏற்றப்பட்ட பதம் கெடுகிறது. பதம் கெட்ட எஃகு படிப்படியாகத் தளரும் அல்லது முறியும்.

“அறுக்கமாட்டேன் அண்ணே; நல்ல ஸ்பிரிங்காகவே வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன்” என்றார் மகன். ஜெர்மனி நாட்டின் ஃபின்னென்ட்ரோப் நகரில் 1951இல் தோன்றிய ஐபாக் போன்ற நிறுவனங்களின் பெயர்கள் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. அவர் பேச்சில் அறியாமை இல்லை, ஆர்வமே மிகுந்திருந்தது. தந்தை அதை முதன்முறையாகக் கேட்கிறார் என்பதை அவர் முகமே காட்டிற்று.

பட்டறைக்காரர் காரின் முன் மூலையில் இரு கைகளையும் ஊன்றி அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வண்டி மேலெழுந்தது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது, தாழ்ந்தது, மூன்றாம் முறையும் அசைந்தே நின்றது. அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். ஷாக் அப்சார்பரின் உடலெங்கும் எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்தது. கீழ்த்தண்டின் இரப்பர்ப் புஷ்கள் வெடித்திருந்தன.

“வளைவில் வண்டி ஆடுகிறது என்று தம்பி சொன்னதே, அது உண்மைதான் சார். ஆனால் உயரத்தால் ஆடவில்லை. இரண்டு ஷாக் அப்சார்பரும் செத்துப்போய்விட்டன. அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு இப்படியே ஓட்டியிருக்கிறீர்கள்” என்றார் தந்தையை நோக்கி.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. அவர் மகனின் விருப்பத்தை ஆடம்பரம் என்றே இரண்டு மாதங்களாக எண்ணியிருந்தார். அதனுள்ளே ஒரு மெய்யான குறைபாட்டின் முறையீடு இருந்ததை அவர் கேட்டதேயில்லை. மகனும் அதனை அழகு, உரிமை என்னும் சொற்களால் மூடிவிட்டிருந்தார். “முன்பே இதைச் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?” என்று தந்தை மெல்லக் கேட்டார். “நீங்கள் எங்கே கேட்டீர்கள்?” என்றார் மகன். கசப்பில்லாமல்தான் சொன்னார். இரண்டு மாதங்களுக்குப்பின் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதற்சொற்கள் அவையே.

அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்கும் போட்டோம். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்விஃப்டுக்கு, ஆளேறாத நிலையில் தரையிடைவெளி 163 மில்லிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர் இறக்கினால் 128. ஐவர் ஏறிப் பெட்டிகளும் ஏற்றினால் பின்புறம் இன்னும் நான்கு சென்டிமீட்டர் தாழக்கூடும், எஞ்சுவது 88. இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி அமைக்கப்படும் வளைவான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கானது. நூறு மில்லிமீட்டர் உயரத்தை 88 மில்லிமீட்டர் இடைவெளி கடக்குமா? கடக்கும் என்பதே விந்தை. காரின் இரு அச்சுகளுக்கிடையே உள்ள தூரம் 2.45 மீட்டரே ஆதலால் நான்கு சக்கரங்களும் மேட்டின்மேல் ஒருசேர ஏறிவிடுகின்றன. நடுவே எழும்பி நிற்பது ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டர் மட்டுமே.

இதைக் கேட்டு மகனின் முகம் மலர்ந்தது. ஆனால் நம் ஊர்ச் சாலையில் விதிப்படி அமைந்த வேகத்தடை எத்தனை? விபத்து நடந்த மறுநாள், ஊரார் கொதித்தெழுந்து, ஒரு மீட்டர் அகலத்துக்குள் மேடாகக் கொட்டிவைத்தவையே பல. அவற்றின்மீது சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்க, முழு மேடும் வண்டியின் வயிற்றைத் தேடி வருகிறது. அங்கே எண்ணெய்த் தொட்டியும் புகைக்குழாயும் உள்ளன. வண்டியைச் செய்தவர் 163 மில்லிமீட்டர் என்று வைத்தது அழகை அறியாமல் அன்று. இந்தச் சாலையை அறிந்தே வைத்தார்.

அப்பத்தாவின் நிலையும் நினைவுக்கு வந்தது. இடுப்பு அறுவை செய்துகொண்டோர் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தெழக் கூடாதென்று மருத்துவர்கள் எச்சரிப்பதுண்டு. உடல் நலமுள்ளோர்க்கு மூன்றரை சென்டிமீட்டர் ஒரு பொருட்டன்று. அவருக்கோ அது, பிறர் கைப்பிடித்துத் தூக்காமல் தாமே எழுவதற்கும், எழ இயலாமற் போவதற்கும் உள்ள வேறுபாடாகலாம். இதனை யாரும் சொல்லாமலே மகன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சட்டம் கூறுவதையும் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரணாகும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரி 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் கேரளத்தைச் சார்ந்த ஒரு வழக்கில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதிக்கப்படாத முறையில் உறுப்புகளைப் பொருத்தி வாகனத்தை மாற்றுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியாமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், இழப்பீடு கேட்கும் வேளையில் சிக்கல் எழும் என்பதையும் மறத்தலாகாது.

“ஜெர்மனியில் அனுமதிக்கிறார்களே” என்று மகன் கேட்டார். ஆம், அனுமதிக்கிறார்கள். ஆனால் அங்கே வில்லோடு தேர்வுச் சான்றிதழும் வருகிறது. தேவையான இடத்தில், மாட்டிய வண்டியை அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் சோதித்து, அம்மாற்றத்தை வண்டியின் ஆவணத்தில் பதியச் செய்கிறார். சக்கரம் உரசுகிறதா, முகப்பு விளக்கு எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். முன்னும் பின்னும் சமமின்றி இறக்கிய வண்டியில் விளக்கின் நோக்கு மாறிவிடும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதேயில்லை. அங்கே உள்ளது வெறும் உரிமையன்று; ஓர் உறுப்பை மாற்றியவர் மற்ற எல்லா உறுப்புகளுக்கும், சாலையில் எதிரே வருவோர்க்கும் விடை கூறக் கடமைப்பட்டவர் என்ற ஒழுங்கு.

முடிவு யாது என்று வாசகர் கேட்பீர். நிறுவனத்தின் புதிய ஷாக் அப்சார்பர்களும் புஷ்களும் மாட்டப்பட்டன, அலைன்மென்ட் செய்யப்பட்டது. செலவில் பாதியைத் தந்தை தாமே முன்வந்து கொடுத்தார். வண்டி இப்போது வளைவில் ஆடுவதில்லை. அப்பத்தாவும் முன்போல் முனகுவதில்லை. அழகு பற்றிய மகனின் ஏக்கம் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. தாழ்ந்த வண்டி ஒன்று தெருவிற் சென்றால் அவர் கண் இன்னும் அதன்பின்னே போகிறது. அதில் குற்றமொன்றுமில்லை. ஒரு பொருளை அழகுறக் காண விழைவது இளமையின் இயல்பு.

பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுவே: பிள்ளை ஒன்றை விரும்பும்போது, ‘ஊர் சிரிக்கும்’ என்று தொடங்காதீர்கள், ‘ஏன் விரும்புகிறாய்?’ என்று தொடங்குங்கள். இளைஞர்க்குச் சொல்வது: வண்டியின் உயரம் உங்கள் பணத்தில் வாங்கியதாயினும், அதிலே ஏறுவோர் பலர். வில்லைத் தொடுமுன் ஷாக் அப்சார்பரைக் கேளுங்கள், டயரைக் கேளுங்கள், சாலையைக் கேளுங்கள், சட்டத்தைக் கேளுங்கள். பின் இருக்கையில் அமர்வோரையும் கேளுங்கள். அனைவரும் இசைந்தாலன்றி அறுக்காதீர்கள்.

இறுதியாக ஒரு சிறு வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வண்டியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அமைதியானால் நன்று. இரண்டு மூன்று முறை ஆடினால் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். செல்லும்போது வீட்டு இளைஞரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். வழியில் அவர் பேசுவதைக் கேளுங்கள்.